ஸ்பிரிங்ஸ்டீன் பிட் குலுக்கல்: ராத்திரி முழுக்க க்யூவில் கிடக்க வேண்டாத ஜிஏ டிக்கெட்

ஸ்டேடியம் கான்சர்ட்டுக்கு ஜெனரல் அட்மிஷன் (ஜிஏ) டிக்கெட் எடுத்தால் கிடைப்பது தரையில் நிற்கிற உரிமை மட்டும்தான். மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்போம் என்பதை க்யூதான் தீர்மானிக்கும். அந்த க்யூவை நடத்துவதற்கு ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழு அமெரிக்காவில் பல வருடமாகக் கையாளும் குலுக்கல் முறைக்கு, அதாவது மேடைக்கு முன்னால் நிற்கிற பகுதியான ‘பிட்’டுக்கான குலுக்கலுக்கு, 5க்கு 4 தரலாம். மற்றவர்கள் ஏன் இதை அதிகம் காப்பியடிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

முறை எளிது. கான்சர்ட் அன்று, அறிவித்த நேரத்துக்குள் போய் ஜிஏ டிக்கெட்டைக் காட்டினால் கையில் எண் போட்ட ரிஸ்ட்பேண்ட் (பட்டை) கட்டுவார்கள். நேரம் முடிந்ததும் ஓர் எண்ணைக் குலுக்கி எடுப்பார்கள். பெரும்பாலும் கூட்டத்தில் நிற்கிற ரசிகர் ஒருவரையே எடுக்கச் சொல்வார்கள். 800 பட்டை கொடுத்திருக்கிறார்கள், வந்த எண் 402 என்று வைத்துக்கொள்ளுங்கள். 402தான் க்யூவில் முதல் ஆள். பிறகு 403, 404 என்று 800 வரை போய், 1க்குத் திரும்பி, 401ல் முடியும். பட்டை வாங்காதவர்கள் அதற்கும் பின்னால்.

அதிகாலையில் போவதால் பத்து பைசா லாபம் கிடையாது. 800 பேரில் முதல் 100க்குள் வர எல்லோருக்கும் எட்டில் ஒரு வாய்ப்பு; எண் 1 வாங்கியவருக்கும் அதேதான், கடைசி நிமிடத்தில் ஓடி வந்தவருக்கும் அதேதான். பட்டையைக் கட்டிக்கொண்டு சாப்பிடப் போகலாம், காரில் ஏசி போட்டுத் தூங்கலாம். திருப்பதி தரிசன டோக்கன் மாதிரி, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும்.

சேர்ந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நால்வர் அடுத்தடுத்து நின்றால் 400, 401, 402, 403 என்று தொடர் எண் கிடைக்கும். ஜெயித்தாலும் தோற்றாலும் நால்வரும் ஒன்றாகத்தான். ஆனால் மேலே சொன்னபடி 402 வந்துவிட்டால் இருவர் முதல் வரிசையில், மற்ற இருவர் கூட்டத்தின் வாலில்! அபூர்வம்தான். அப்படி நடந்தால் முன்னால் இருப்பவர் இறங்கி வருவது மட்டும்தான் வழி, பின்னால் இருப்பவரை மேலே ஏற்ற விடமாட்டார்கள்.

பட்டை பெரும்பாலும் டைவெக் வகை. பார்க்கக் காகிதம் மாதிரி இருந்தாலும் கையால் கிழியாது, வியர்வைக்கும் மழைக்கும் தாங்கும். சிக்கல் ஒட்டுகிற இடத்தில்தான்: அந்தப் பசை ஒருமுறைதான் பிடிக்கும், பிரித்தால் பட்டையில் போட்டிருக்கும் வெட்டுக்கோடுகள் விரிந்து காட்டிக்கொடுத்துவிடும். தளர்வாகக் கட்டிக் கையிலிருந்து கழன்று வந்தாலும் செல்லாது. ஒரு விரல் நுழைகிற அளவு இடம் விட்டு, வாட்ச் கட்டாத கையில், சன்ஸ்கிரீன் தடவுவதற்கு முன் கட்டிக்கொள்வது நல்லது.

டிக்கெட் விஷயத்தில் பலர் திணறுவது ஒரே போனில் நான்கு டிக்கெட்டையும் வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் போய் நிற்பதால். ஆளுக்கு ஒரு பட்டை, ஆள் நேரில் இருந்தால்தான். டிக்கெட்மாஸ்டரின் மொபைல் பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும், ஸ்க்ரீன்ஷாட் வேலைக்கு ஆகாது. அவரவர் டிக்கெட்டை அவரவர் போனுக்கு மாற்றிவிட்டு, போன் வாலட்டிலும் சேமித்துவிட்டு வாருங்கள். எழுபதாயிரம் பேர் கூடுகிற இடத்தில் நெட்வொர்க்கை நம்பக்கூடாது.

இனி அந்த ஒரு மதிப்பெண் ஏன் போனது என்று பார்ப்போம். பட்டை கொடுக்கும் நேரம் வேலைநாளில் மதியத்தோடு முடிந்தால், ஆபீஸ் போகிறவர் அரை நாள் லீவு போட்டே ஆகவேண்டும். நேரமும் இடமும் ஊருக்கு ஊர் மாறும். ஸ்டேடியத்தின் எந்த கேட் என்ற அறிவிப்பு பல சமயம் கடைசி நேரத்தில்தான் வரும். குலுக்கல் முடிந்து எண் வரிசையில் நிறுத்தும்போது சத்தம் கேட்காமல் அரை மணி நேரம் ஒரே தள்ளுமுள்ளு.

இருந்தும் ஐரோப்பிய ரசிகர்கள் தாங்களே நடத்துகிற பட்டியல் முறையோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். அங்கே பேனாவால் கையில் எண் எழுதுவார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பெயர் கூப்பிடுவார்கள். ஒரு கூப்பாட்டைத் தவறவிட்டால் பெயர் அடிக்கப்படும். சில ஊர்களில் இது இரண்டு மூன்று நாள் நடக்கும். அதைவிடக் கொடுமை, அந்தப் பட்டியலை மதிக்கவேண்டிய கட்டாயம் ஸ்டேடியம் ஊழியர்களுக்குக் கிடையாது. கேட் திறக்கிற நேரத்தில் இரண்டு கோஷ்டி இரண்டு பட்டியலோடு நின்றால் தீர்ப்பு சொல்ல ஆளில்லை.

முந்தி வந்தவருக்கே முன்னிடம் என்ற முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சின்சினாட்டி சாட்சி. 1979 டிசம்பர் 3 அன்று அங்குள்ள ரிவர்ஃபிரண்ட் கொலீசியத்தில் தி ஹூ என்ற ராக் குழுவின் கான்சர்ட்டுக்குக் காத்திருந்த கூட்டம், உள்ளே சவுண்ட் செக் சத்தம் கேட்டு நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்து நெருக்கியது. திறந்திருந்த கதவுகளோ கொஞ்சம். 11 பேர் இறந்தார்கள். இடம் ஒதுக்காத டிக்கெட்டையே அந்த நகரம் தடை செய்தது. 2004ல்தான் தடை நீங்கியது. நடுவில் 2002ல் ஒரே ஒரு கான்சர்ட்டுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள், அது ஸ்பிரிங்ஸ்டீனுடையது.

உள்ளே போகும்போது ஊழியர் முன்னால் நடக்க, ஒற்றை வரிசையில் போகவேண்டும், ஓடக்கூடாது. இங்கே ஒரு கணக்கு உதவும். ஆளுக்கு அரை மீட்டர் என்றால், மேடைக்கு முன்னால் இருக்கும் 25 மீட்டர் தடுப்புக் கம்பியில் (பாரிகேட்) 50 பேர் நிற்கலாம். அப்படியானால் எண் 200 நான்காவது வரிசை. நிஜத்தில் எல்லோரும் நடுவில்தான் குவிவார்கள். 250வது ஆளாகப் போனாலும் மேடையின் ஓரத்துக்கு நேராக நடந்தால் இரண்டாவது வரிசை கிடைக்க வாய்ப்புண்டு. நடுவில்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தால் ஆறாவது வரிசையில் ஒருவரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

பாரிகேடில் நிற்பவர்களுக்கு ஒலி சுமார்தான். பெரிய ஸ்பீக்கர்கள் தலைக்கு மேலே தொங்கிப் பின்னால் இருப்பவர்களை நோக்கிப் பாடும். முன்வரிசைக்குக் கிடைப்பது மேடையடியில் இருக்கும் சப்வூஃபரின் இடியும் சின்ன ஸ்பீக்கர்களும். இயர்பிளக் அவசியம். குரல் தெளிவாகக் கேட்கவேண்டுமென்றால் ஒலியைச் சரிசெய்கிற மிக்சிங் மேசைக்குப் பக்கத்தில் நிற்பதே உத்தமம்.

ஸ்பிரிங்ஸ்டீன் சாதாரணமாகவே மூன்று மணி நேரத்தை ஒட்டிப் பாடுகிறவர். 2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கியில் நான்கு மணி நேரத்தையும் தாண்டினார். கேட் திறந்ததிலிருந்து கணக்கிட்டால் ஆறு மணி நேரம் கால் தரையில். பாத்ரூம் போகவேண்டிவரும் என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள்தான் மயங்கி விழுவார்கள். மதியம் வரை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் ஒருமுறை பாத்ரூம் போய்விட்டு, பிறகு வாய் நனைக்கிற அளவு அடிக்கடி குடிப்பது சரிவரும். ஆரம்பிக்கும் வரை தரையில் உட்காருங்கள். நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள்.

நியூ ஜெர்சி மெட்லைஃப் ஸ்டேடியம் என்றால் பை கண்ணாடி போல உள்ளிருப்பது தெரிகிறதாக இருக்கவேண்டும், 12க்கு 12க்கு 6 அங்குலத்துக்குள். அல்லது உள்ளங்கை அளவு பர்ஸ். வெளியே தார் போட்ட பார்க்கிங், நிழல் என்ற பேச்சே இல்லை. மேற்கூரையும் கிடையாது. 2012 செப்டம்பர் 22 அன்று இடி மின்னலால் அங்கே நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் தள்ளிப்போய், நள்ளிரவில் ஸ்பிரிங்ஸ்டீனின் 63வது பிறந்தநாளே பிறந்துவிட்டது. குடையை நம்பாமல் மெல்லிய ரெயின்கோட் ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தே கால் அடிக்குக் குறைவான உயரமா? எண் 300க்கு மேல் போய்விட்டால் பிட்டின் பின்பக்கக் கம்பியில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். சாயவும் இடம், முன்னால் கொஞ்சம் இடைவெளியும் கிடைக்கும், பாத்ரூமுக்கு வழியும் பக்கம்.