ஸ்மித்தின் வழியா, ஐரிங்கின் வழியா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உயிரியல் படிக்கப் போகும், மார்மன் என்ற திருச்சபையைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முன்னால், வேதத்தையும் அறிவியலையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்பதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித், பின்னாளில் அந்தத் திருச்சபையின் தலைவரானவர். 1954இல் பரிணாமத்தை மறுத்துப் புத்தகமே எழுதினார். ஹென்றி ஐரிங், வேதிவினைகளின் வேகத்தைக் கணக்கிடும் கோட்பாட்டை 1935இல் தந்த வேதியியலாளர், கடைசிவரை உறுதியான விசுவாசி.

பூமியின் வயது
ஸ்மித்: சில ஆயிரம் ஆண்டுகள்.
ஐரிங்: பாறைகள் காட்டும் பல நூறு கோடி ஆண்டுகள்.

வேதம்
ஸ்மித்: எழுத்துக்கு எழுத்து.
ஐரிங்: படைத்தவர் கடவுள், எப்படிப் படைத்தார் என்பதை அறிவியலிடம் கேட்கலாம்.

புதிய ஆதாரம் வந்தால்
ஸ்மித்தின் வழியில் ஒவ்வொரு புதைபடிவமும் விசுவாசத்துக்குச் சோதனை. ஐரிங்குக்கு அந்தப் பயமே இல்லை. கல்லூரிக்குக் கிளம்பியபோது, உண்மையல்லாத எதையும் நம்ப வேண்டியதில்லை என்று அவர் அப்பா சொல்லி அனுப்பினாராம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வேதத்தின் சொல் அசையாமல் இருந்தால்தான் மனம் அமைதியாகும் என்பவருக்கு ஸ்மித் பொருந்துவார். ஆய்வகத்தில் வாழ்நாளைக் கழிக்கப் போகிறவருக்கு ஐரிங்தான் சரி. புவியியலையும் உயிரியலையும் ஆராய்ச்சிக்கே விட்டுவிடுங்கள் என்று திருச்சபையின் தலைமையே 1931இல் தன் தலைவர்களிடம் சொல்லியிருக்கிறது.