எங்கட அறுப்பின் பண்டிகை நெல்லைக் குத்தித் தாற மில்

எங்கட சபை கிளிநொச்சி மாவட்டத்தில ஒரு சின்ன சபை, அறுபது குடும்பத்துக்குக் கிட்ட. முக்கால்வாசிப் பேர் வயல் செய்யிற ஆக்கள், இல்லாட்டி வயலுக்குக் கூலிக்குப் போற ஆக்கள். நான் அங்க போதகரா இருக்கிறன். காலபோகம், அதாவது மாரி மழைக்கு விதைக்கிற நெல்லு, வெட்டி முடிய மாசி மாதத்தில அறுப்பின் பண்டிகை வைப்பம், சனம் அவையவையின்ர வயலில விளைஞ்ச நெல்லில ஒரு பங்கைக் கொண்டந்து பீடத்துக்கு முன்னால வைப்பினம். அந்த நெல்லை 2022 இல இருந்து ஒரே மில்லிலதான் குத்துவிக்கிறம். நல்ல மில் எங்க இருக்கு எண்டு ஆக்கள் அடிக்கடி கேக்கிறபடியா ஒருக்கா வடிவா எழுதுவம் எண்டு நினைச்சன், ஆனா எழுதத் தொடங்க மில்லைப் பற்றி மட்டும் எழுதி நிப்பாட்ட ஏலாமல் இருக்கு, அதால கொஞ்சம் நீளும்.

இடம் எண்டா பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்குப் போற றோட்டில தருமபுரம் தாண்டி உள்ளுக்க இறங்கிற கிறவல் ஒழுங்கை. போர்ட் ஒண்டும் இல்லை. உமி மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கும், அதைப் பாத்துத்தான் திரும்ப வேணும். லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லுச் சின்ன உழவு மெசின்) பெட்டியோட உள்ளுக்க போய்த் திருப்பலாம், பெரிய லொறி எண்டா கஷ்டம்.

முதல்ல வேலையைச் சொல்லுறன். இப்ப எல்லாரும் மெசின் வெட்டுத்தானே, மெசினால வெட்டின நெல்லு ஈரமா வரும், அதை அப்பிடியே கொண்டு போய்க் குடுத்தா அரிசி முழுக்க நொறுங்கும். கன மில்லுகளில அதைச் சொல்ல மாட்டினம், குத்தித் தந்திட்டு குறுணலைக் காட்டி உங்கட நெல்லு சரியில்லை எண்டுவினம். இந்த மில்லுக்கார அண்ணை ஒவ்வொரு மூட்டையிலயும் கையை விட்டு அடியில இருந்து நாலு நெல்லு எடுத்துக் கடிச்சுப் பாப்பார். டக் எண்டு உடைஞ்சாத்தான் எடுப்பார், மெத்தெண்டு இருந்தா முத்தத்தில படங்கை விரிச்சுத் தருவார், ரெண்டு வெயில் காய விட்டிட்டுத்தான் மறு கதை. காய வைக்கிறதுக்குக் காசு இல்லை. ஆனா நீங்களே ஆள் வைச்சுக் காவல் இருக்க வேணும், மாடு வரும்.

புழுங்கல் எண்டா அவரே அவிச்சுத் தருவார், ஒரு இரவு ஊற வைச்சு அடுத்த நாள் அவிக்கிறது. உமி உரிக்கிறது றப்பர் றோலர் மெசின்தான், பழைய இரும்பு ஹலர் இல்லை, அதால உடைவு குறைவு. கல்லு பிரிக்கிற மெசினும் இருக்கு. சிவப்பு அரிசி எண்டா ஒருக்காத் தீட்டினாக் காணும் எண்டு சொல்லி விடுங்கோ, தவிடு கொஞ்சம் ஒட்டிக் கொண்டிருக்கும், கஞ்சி வைச்சா அந்த வாசம் வேற. இந்த முறை நாங்கள் 620 கிலோ நெல்லுக் குடுத்தனாங்கள், 405 கிலோ அரிசி வந்தது, குறுணல் வேற, தவிடு வேற. உமியை மட்டும் அவர் எடுப்பார், அவிக்கிற அடுப்புக்கு. தராசு டிஜிட்டல், இந்த வருசத்து முத்திரை அடிச்சிருக்கு, நான் பாத்தனான். கூலி ரவுணில எடுக்கிற அளவுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

இனி எனக்கு முக்கியமான விசயத்துக்கு வாறன். இந்த மில்லில ஒருத்தற்ர நெல்லு மற்றவற்ர நெல்லோட கலக்காது. கேக்கச் சின்ன விசயம். ஆனா நெல்லுக் குடுத்து அரிசி வாங்கின ஆக்களுக்குத் தெரியும், பருவ நேரத்தில கன இடத்தில எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டி நிறைக்கு நிறை அரிசி அள்ளித் தருவினம், உங்கட ஆட்டக்காரிச் சிவப்பு நெல்லைக் குடுத்திட்டு ஆற்றையோ பழைய சம்பாவைக் கொண்டு வர வேண்டியதுதான். இஞ்ச ஒவ்வொரு ஆளின்ர நெல்லும் முடிய மெசினை வெறுமன ஓட விட்டுத் துடைச்சிட்டுத்தான் அடுத்த மூட்டையைக் கொட்டுவார். அதால நேரம் போகும். நிண்டு பாத்து எரிச்சல்படுற ஆக்களும் இருக்கினம்.

நாங்கள் முதல் முதல் அங்க போனது 2022 மாசி. அதுக்கு முதல் வருசம் அரசாங்கம் இரசாயன உரத்தை நிப்பாட்டினது எல்லாருக்கும் நினைவிருக்கும், அந்தக் காலபோகம் வன்னியில கதிர் பிடிக்கவே இல்லை, ஏக்கருக்கு வழமையா வாறதில பாதி எடுத்த ஆக்களே சந்தோசப்பட்டவை. எங்கட சபையில காலங்காலமா ஆராதனை முடிய காணிக்கை நெல்லை ஏலம் விடுவினம். வசதியான ஆக்களும் வெளிநாட்டுக் காசு வாற ஆக்களும் கூட்டிக் கேப்பினம், அந்தக் காசில கூரை திருத்துவம், மதில் கட்டுவம். அந்த வருசம் எனக்கு அது பொறுக்கேல்லை. அரிசி விலை ஏறிக் கொண்டு போகுது, வயலுக்குள்ள நிண்ட சனமே அரிசி வாங்கிற நிலைமை, இதுக்க நாங்கள் நெல்லை ஏலம் விடுறதோ எண்டு நினைச்சு பிரசங்கத்தின்ர முடிவில நானே அறிவிச்சுப் போட்டன், இந்த முறை ஏலம் இல்லை, நெல்லைக் குத்தி வீட்டுக்கு வீடு குடுக்கப் போறம் எண்டு. ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. சபைக் குழுவிலயும் கதைக்கேல்லை. நல்ல காரியம்தானே, ஆர் வேண்டாம் எண்டு சொல்லப் போகினம் எண்ட நினைப்பு.

எங்கட பொருளாளர் மூண்டு கிழமை ஆராதனைக்கு வரேல்லை.

நான் கோபத்தோடதான் மில்லுக்குப் போனன், நல்லது செய்யப் போனா இப்பிடித்தான் எண்டு. மில்லுக்கார அண்ணை மூட்டையெல்லாம் நிறுத்திட்டு பில் புத்தகத்தை எடுத்தார். ஆளுக்கு எங்கட சபையைப் பற்றி ஒண்டும் தெரியாது, அவர் சைவம், மில்லுக்குள்ள பிள்ளையார் படம், வருசா வருசம் வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போற மனிசன். பேனையைப் பிடிச்சுக் கொண்டு கேட்டார், "பில் ஆற்ர பேரில போட பாஸ்ரர்? உங்கட பேரிலயோ, சபையின்ர பேரிலயோ?"

எனக்கு உடன வாயில பதில் வரேல்லை. நெல்லு சபையின்ர நெல்லு. அதைப் பீடத்தில வைச்ச சனத்தின்ர நெல்லு. நான் கொண்டு வந்திருக்கிறது என்ர பேரில. உபாகமம் 26ம் அதிகாரத்தை வைச்சு நான் எத்தினை அறுப்பின் பண்டிகைக்குப் பிரசங்கம் பண்ணியிருப்பன், முதற்பலனைக் கூடையில கொண்டு வாற மனிசன்தான் அங்க கதைக்கிறான், தன்ர தகப்பன் ஆர், எப்பிடி எகிப்துக்குப் போனவை, எப்பிடி வெளிய வந்தவை எண்டு தன்ர வாயால சொல்லுறான், ஆசாரியன் கூடையை வாங்கி வைக்கிறதோட சரி. நான் கூடையையும் வாங்கி அவையின்ர கதையையும் நானே சொல்லி முடிச்சிருக்கிறன். சபையின்ர பேரில போடச் சொன்னன். அடுத்த நாள் அந்த பில்லோட பொருளாளர் வீட்டை போய் மன்னிப்புக் கேட்டன். அவர் சொன்னது இதுதான், "நெல்லைக் குடுக்கிறது பிழையில்லை பாஸ்ரர். நானும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். கேட்டிருக்கலாம்." அரிசி பிரிச்சுக் குடுக்கிற வேலையை முழுக்க அவரே பொறுப்பெடுத்தார், என்னை விட வடிவா செய்தார், நான் மறந்து போன வீடுகளும் அவற்ர லிஸ்டில இருந்தது, சபைக்கு வராத பக்கத்து வீட்டுச் சனமும் இருந்தது.

இப்ப ஒவ்வொரு வருசமும் அந்த பில்லை அப்பிடியே சபையில வாசிப்பம், நெல்லு இவ்வளவு, அரிசி இவ்வளவு, குறுணல் இவ்வளவு, தவிடு இவ்வளவு. முந்தி வாசிச்ச மாதிரி இன்னார் இத்தினை மூட்டை எண்டு வாசிக்கிறதை விட்டிட்டம். அதுக்கும் இந்த மில்தான் காரணம், அதையும் சொல்லுறன்.

எங்கட சபையில ஒரு அம்மா இருக்கிறா, வயல் இல்லை, மனிசன் இல்லை. முந்தி அறுவடை முடிஞ்ச வயலில கதிர் பொறுக்கப் போவினம், இப்ப மெசின் வழிச்சுக் கொண்டு போயிடும், வரம்போரமும் மூலையளிலயும்தான் ஏதும் மிஞ்சிக் கிடக்கும். அந்த மூலையளில விழுந்த நெல்லைக் கூட்டி அள்ளி மண்ணுப் புடைச்சு ஒரு சொப்பிங் பாக்கில ரெண்டு கிலோ கொண்டந்து வைச்சவா. மூட்டையளுக்குப் பின்னால, ஒருத்தருக்கும் தெரியாமல். மற்ற நெல்லு முழுக்க வெள்ளை, அது சிவப்பு. மில்லில அண்ணை அந்த பாக்கைத் திறந்து பாத்திட்டு, இது ஆட்டக்காரி, சேர்க்கிறதோ தனியவோ எண்டு கேட்டார். நான் அவசரத்தில சேர்த்துப் போடுங்கோ அண்ணை, ரெண்டு கிலோதானே எண்டன். அவர் பாக்கைத் திருப்பிக் கட்டினார். "மெசினுக்க போட்டா பாதி அதுக்கயே நிண்டுடும். வைச்சிட்டுப் போங்கோ" எண்டார். ரெண்டு நாளால அரிசி எடுக்கப் போனா அந்த நெல்லை அவற்ர மனிசி உரலில குத்திப் புடைச்சு அதே பாக்கில கட்டி வைச்சிருக்கிறா, தவிட்டைத் தனிய ஒரு சின்ன பாக்கில. அதுக்குக் காசு வாங்கேல்லை. அந்த அரிசியில அந்த ஞாயிறு கஞ்சி வைச்சு வந்த ஆக்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வாய் எண்டாலும் குடுத்தம். அந்த அம்மாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அவ குடிச்சிட்டு கோப்பையைப் பாத்துக் கொண்டிருந்தவா.

அண்டைக்குப் பிறகு பேர் வாசிக்க எனக்கு வாய் வரேல்லை, குழுவிலயும் கதைச்சு எல்லாருமாத்தான் நிப்பாட்டினம்.

அந்த மில்லுக்கார அண்ணையைப் பற்றியும் கொஞ்சம். தகப்பனும் மில்தான் வைச்சிருந்தவர். 2009 இல யுத்தத்தில எல்லாத்தையும் விட்டிட்டு நடந்து முள்வேலி முகாமுக்குள்ள போய், திரும்பி வந்து பாக்க கொட்டகையும் இல்லை மெசினும் இல்லை, பிறகு லோன் எடுத்து ஒரு பழைய ஹலரோட தொடங்கினவர். 2022 பங்குனியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் இந்த மனிசன் சாமம் ஒரு மணிக்கு எழும்பி கரண்ட் வாற நேரம் பாத்துக் குத்தினவர். பிள்ளையள் வெளிநாட்டில, மில்லை வித்துப் போட்டு வாங்கோ எண்டு கேக்கினமாம். நான் போன முறை தேத்தண்ணி குடிச்சுக் கொண்டிருக்கேக்க இதைச் சொல்லிப் போட்டு, "தை பிறந்தா சனம் புதிருக்கு, புது அரிசி சமைக்க, நெல்லோட வந்து வாசல்ல நிக்கும் பாஸ்ரர், நான் அங்க இருந்து என்ன செய்ய" எண்டார்.

அந்த நேரம் என்ர மேசையில கனடாவில ஒரு சபையில இருந்து அங்க ஊழியத்துக்கு வரச் சொல்லி வந்த கடிதம் பதில் போடாமல் கிடந்தது. அவருக்கு அது தெரியாது. களைச்சுப் போயிருந்தனான், உண்மையாத்தான். 95 இல யுத்தத்தால யாழ்ப்பாணம் வலிகாமத்தில இருந்து இடம்பெயர்ந்து அம்மாவோட ஸ்கந்தபுரம் பக்கம் கொட்டிலில இருந்தனாங்கள், அங்க ஒரு வயசான போதகர் பெரிய கிடாரத்தில கஞ்சி காய்ச்சுவார், நான் சின்னப் பெடியன், விறகு தூக்கிக் குடுத்தனான். அவர் எனக்கு அழைப்பு, ஊழியம் எண்டு ஒண்டும் சொல்லேல்லை. கஞ்சி முடிஞ்சு கிடாரம் கழுவின பிறகு "நாளைக்கும் வா தம்பி" எண்டுவார், அவ்வளவுதான், நானும் அடுத்த நாள் போவன். என்னைக் கேட்டா என்ர அழைப்பு அதுதான். மில்லால வந்த அண்டைக்கு இரவு அந்த மனிசன்ர குரல்தான் நினைவில நிண்டது. வெளிநாட்டுக்குப் போன ஊழியக்காரர் பிழை எண்டு சொல்ல மாட்டன், அவையவைக்கு அவையவையின்ர பாரம், பிள்ளையள், வருத்தம் துன்பம். நான் கடிதத்துக்கு நன்றி எண்டு பதில் போட்டன், வரேல்லை எண்டு போட்டன்.

சரி, குறையளையும் சொல்ல வேணும். தூசி சரியான மோசம், முட்டு இருக்கிற ஆக்கள் உள்ளுக்க போகாதேங்கோ. இருக்கிறதுக்கு ஒரு வாங்குதான். பொம்பிளையளுக்கு கக்கூஸ் வசதி இல்லை, இதை நான் ரெண்டு தரம் அவருக்குச் சொல்லிப் போட்டன், கட்டுறன் எண்டிருக்கிறார், இன்னும் கட்டேல்லை. போன் எடுக்க மாட்டார், மெசின் சத்தத்தில கேக்காது, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அடிச்சாத்தான் உண்டு. தை தொடக்கம் பங்குனி வரைக்கும் நாள் சொன்னா அதுக்கு மேல நாலைஞ்சு நாள் பிந்தும், கலியாண வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு அரிசி வேணும் எண்டா இந்த நேரம் அவரை நம்பிக் குடுக்காதேங்கோ, கையில அரிசி வைச்சுக் கொண்டு குடுங்கோ. நல்லா வெள்ளையாத் தீட்டித் தரச் சொன்னா தருவார், ஆனா முகத்தைச் சுளிப்பார், உடைவும் கூடும்.

சாக்கு நீங்களே கொண்டு போங்கோ, உரப்பை எண்டா நல்லா அலசிக் காய வைச்சது. ஒவ்வொண்டிலயும் பேர் எழுதுங்கோ. கொஞ்ச நெல்லு எண்டாலும் கூச்சப்படாமல் கொண்டு போங்கோ. போன மாசம் பில் புத்தகத்தில எங்கட பக்கத்தைப் பாத்தன், 620 கிலோவுக்குக் கீழ வேற வரியில அவற்ர கையெழுத்தில "2 கிலோ, சிவப்பு, தனி" எண்டு எழுதியிருந்தது.