விஎச் துப்பாக்கியை டிஎச் என்று விற்கிறார்கள்: பழைய பார்க்கர் வாங்குவோர் கவனத்துக்கு

பென்சில்வேனியாவில் உள்ள ஒரு பழந்துப்பாக்கிக் கடை, டிஎச் எனும் உயர்தரப் பார்க்கர் (பழைய அமெரிக்க நிறுவனத் துப்பாக்கி) என்று சொல்லி எனக்கு ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியை விற்றது. 12 போர் (bore, குழலின் உள் அளவு), 26 அங்குலக் குழல், "எல்லாமே தொழிற்சாலையில் இருந்து வந்தபடி" என்பது கடைக்காரரின் வாக்கு. தொழிற்சாலை ஏட்டில் அந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணுக்கு நேரே இருப்பது விஎச் எனும் எளிய தரம், 30 அங்குலக் குழல். பணம் திரும்பவில்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் தமிழர்கள் இப்போது அதிகம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் இயங்கிய பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்தை 1934இல் ரெமிங்டன் வாங்கியது. அதன் சுத்தியல் வெளியே தெரியாத துப்பாக்கிகளில் விஎச் என்பது எளிய தரம். அலங்காரம் மிகக் குறைவு. ஜிஎச், டிஎச், சிஎச் என்று மேலே போகப் போகச் செதுக்கு வேலையும் மரமும் உயரும், விலையும் எகிறும். இயங்குமுறை எல்லாத் தரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான் ஏமாற்றுபவர்களுக்கு வசதி. ஒரு விஎச்சை எடுத்து, பக்கங்களில் நாயும் பறவையும் செதுக்கிவிட்டால் டிஎச் என்று கூசாமல் விற்கலாம்.

பார்க்கரில் வரிசை எண் பல இடங்களில் இருக்கும்: விசைக் காப்பின் வால்பகுதியில், இரும்பு உடலின் மேல்தளத்தில், குழலின் அடித்தளத்தில், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையின் இரும்பில். கடைக்காரர் நான்கையும் படமெடுத்து அனுப்பினார். எல்லாம் ஒரே எண். எண் பொருந்தினால் உறுப்புகள் ஒரே துப்பாக்கியைச் சேர்ந்தவை என்று பொருள், அவ்வளவுதான். அந்தத் துப்பாக்கி எந்தத் தரமாகப் பிறந்தது என்பதை எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. "எண்கள் பொருந்துகின்றன" என்று ஒரு கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னால், அவர் சொல்லாமல் விடுவது என்ன என்று கேளுங்கள்.

"இது அந்தக் காலத்து ஆன்டிக், நேராக உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன்" என்றும் அவர் சொன்னார். நான் ஒஹையோவில் இருக்கிறேன். 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கியைத்தான் மத்திய அரசின் சட்டம் ஆன்டிக் என்று ஏற்கிறது. அதற்குப் பிந்தியது என்றால், வேறு மாநிலத்தில் இருந்து வரும்போது பொதுவாக உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் வர வேண்டும். நான் மறுத்து, எங்கள் ஊர் உரிமக் கடைக்கு அனுப்பச் சொன்னேன். பிறகு வந்த ஏட்டு விவரப்படி அது 1920களில் அனுப்பப்பட்டது. அன்று தலையாட்டியிருந்தால் ஏமாந்ததோடு சட்டச் சிக்கலும் சேர்ந்திருக்கும். இந்த ஆன்டிக் பேச்சை நம்பாதீர்கள். 1910 வாக்கில்தான் விற்பனைக்கு வந்த ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் என்ற இரட்டைக் குழல் துப்பாக்கியைக்கூட ஆன்டிக் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் பட்டது இரும்பு உடலின் நிறம். எலும்புக் கரியில் வைத்துச் சூடேற்றிக் கடினப்படுத்திய பழைய பார்க்கர் உடலில் நீலமும் பழுப்பும் சாம்பலும் மெல்லக் கலந்திருக்கும். கை படும் விளிம்புகளில் தேய்ந்து வெள்ளியாகத் தெரியும். இதிலோ மழைத்தண்ணீர்மேல் சிந்திய பெட்ரோலைப்போலப் பட்டை பட்டையாக நிறம், விளிம்பிலும் நடுவிலும் ஒரே பளபளப்பு. எரிவாயுச் சுடரைக் காட்டி வரவழைத்த நிறம் அது. அழகு கெடுவது இருக்கட்டும், அந்தச் சூடு இரும்பின் கடினத்தையே கெடுத்துவிடும்.

செதுக்கு வேலையை உருப்பெருக்கியில் பார்த்தேன். திருகுத் தலைகள் தேய்ந்திருக்கின்றன, பக்கத்தில் நாயின் கோடுகள் நேற்று வெட்டியவைபோல் விரலில் உரசுகின்றன. ஒரு நாயின் பின்னங்காலில் மூட்டே இல்லை. மெரிடனில் செதுக்கியவர்கள் வேட்டை நாயைப் பார்த்திருந்தவர்கள்!

குழல்களை இணைத்து மேலே ஓடும் பட்டையில் நிறுவனத்தின் பெயரும் ஊரும் எஃகின் பெயரும் இருக்கும். விஎச்சுக்கு வல்கன் எஃகு, டிஎச்சுக்கு டைட்டானிக், சிஎச்சுக்கு அக்மி. என் துப்பாக்கியில் "மெரிடன்" வரை மங்கலாகத் தெரிகிறது, எஃகின் பெயர் வர வேண்டிய இடம் வழவழவென்று இருக்கிறது. கடையின் படங்களில் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் பட்டுக் கண் கூசியது. தோளில் வைக்கும் கட்டையின் பின்முனையும் கதை சொன்னது: டிஎச்சில் பெரும்பாலும் நடுவில் மரம் தெரியும் எஃகுச் சட்டம் இருக்கும், இதில் இருந்தது விஎச்சுக்கு வரும் நாய்த்தலை பதித்த கடின ரப்பர். "முதல் உரிமையாளர் அப்படிக் கேட்டு வாங்கினார்" என்பது கடைக்காரரின் பதில். அப்படிக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு என்பதால் மறுத்துப் பேச இயலாது. இந்த வியாபாரமே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

மறுத்துப் பேச முடியாத சாட்சி குழல்வாயில் இருந்தது. வெட்டப்படாத பார்க்கரில் இரு குழல்களும் வாயருகே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். என்னுடையதில் நடுவே ஒரு நாணயம் நுழையும் இடைவெளி, அதில் புது ஈயம் பூசி நிறமேற்றியிருக்கிறார்கள். நான்கு அங்குலம் வெட்டியதில் சோக் எனப்படும் வாய்ச் சுருக்கமும் போய்விட்டது. துப்பாக்கி பழுது பார்ப்பவர் அளந்தபோது உள்விட்டம் வாய் வரை மாறவே இல்லை.

அடுத்து அவர் குழலைக் கழற்றி, அடிக்கொக்கியில் விரல் கோத்துத் தொங்கவிட்டு, மரப்பிடியால் தட்டினார். நல்ல குழல் கணீரென்று நீண்டு ஒலிக்கும். இது "டப்" என்று அடங்கி, பின்னால் ஒரு நடுக்கம் கேட்டது. காரணம் குழலின் கறுப்பு மினுக்கு. பழைய இரட்டைக் குழலில் பட்டைகள் ஈயப் பற்றால் ஒட்டப்பட்டவை. அவற்றுக்குத் துரு ஏற்றித் துடைத்து மெதுவாகத்தான் நீலமேற்ற, அதாவது கருநீல நிறம் கொடுக்க, வேண்டும். இன்றைய கொதிக்கும் காரக் கரைசலில் முக்கினால் அந்த ஈயப் பற்று அரிக்கப்பட்டுப் பட்டை கழன்றுவிடும். செலவை மிச்சம் பிடிக்க முக்கியிருக்கிறார்கள். இதில் தோட்டா போடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தொழிலில் வாங்கியவருக்கு மூன்று நாள் பார்வைக் கெடு தருவது வழக்கம். சுட்டுப் பார்க்கக் கூடாது, பிடிக்காவிட்டால் திருப்பலாம். நான் கெடுவுக்குள் அழைத்தேன். "குழலைக் கழற்றிவிட்டீர்கள், இனி திரும்ப எடுக்க முடியாது" என்றார். அந்தத் துப்பாக்கியைக் குழல் வேறு கட்டை வேறாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பியவர் அவர்தான். அதைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பார்க்கரின் ஆர்டர் ஏடுகளும் இருப்பு ஏடுகளும் கணிசமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பார்க்கர் சேகரிப்பாளர் சங்கத்துக்கு எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், தரம், குழல் நீளம் போன்ற விவரங்களைக் கடிதமாகத் தருவார்கள். எல்லா எண்ணுக்கும் ஏடு எஞ்சவில்லை. இருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். "கடிதம் வரட்டும், பிறகு பணம்" என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையான கடைக்காரர் காத்திருப்பார். என் கடைக்காரர் "வேறொருவர் பணத்தோடு நிற்கிறார்" என்றார்.

பென்சில்வேனியா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்டது ரசீது. ரசீதில் "பார்க்கர், 12 போர், பழையது" என்று மட்டுமே இருக்கிறது. டிஎச் என்ற சொல் விளம்பரத்தில் இருந்தது, விளம்பரத்தை இப்போது எடுத்துவிட்டார்கள். எனவே விளம்பரத்தை உடனே படமெடுத்து வையுங்கள். தரமும் "மாற்றம் எதுவும் செய்யப்படாதது" என்பதும் ரசீதில் எழுத்தில் வர வேண்டும். வங்கிக் காசோலை வேண்டாம், கிரெடிட் கார்டில் கொடுங்கள். கார்டை ஏற்காத கடை என்றால் விட்டுவிடுங்கள்.

அதே கடையில் இப்போது எல்.சி. ஸ்மித் என்ற இன்னொரு பழைய அமெரிக்க இரட்டைக் குழல் துப்பாக்கி விற்பனைக்கு இருக்கிறது, குழலில் அதே கறுப்பு மினுக்கு. ஸ்மித் ஏடுகள் வயோமிங் மாநிலம் கோடி (Cody) நகரத் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆசைப்படுபவர்கள் முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள்.