850 ரூபாய் டிஎன்ஏ மாடல்: துணி கிளிப் உங்கள் செலவு

குன்னூர் பஜாரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கினேன். டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளுக்கு நிறத்துக்கொன்றாக 24 ஜோடி பிளாஸ்டிக் துண்டுகள், நடுவில் ஒரு கம்பி, ஒரு ஸ்டாண்டு. வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன், அதற்காகத்தான்.

முதலில் குறைகள். பெட்டிப் படத்தில் ஏணி இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு போகிறது, நம் செல்லில் இருப்பதோ வலமுறுக்கு. சிவப்பும் ஆரஞ்சும் கிட்டத்தட்ட ஒரே நிறம், ஐப்பசி மழையில் கரண்ட் போய் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில் ஏ எது ஜி எது என்று தெரியாமல் கடைசியில் ஜி துண்டுகளில் எல்லாம் பேனாவால் புள்ளி வைத்தேன். ஒரு துண்டு குறைந்தது, கடைக்காரர் இன்னொரு பெட்டியைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார் (அந்தப் பெட்டியை வாங்கப்போகிறவர் மன்னிக்கவும்).

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோல் செல்லிலும் நரம்பு செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால் அது ஏன் தோல், இது ஏன் மூளை? வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். கூட வரும் கையேடு இதைப் பற்றி மூச்சே விடவில்லை. எழுத்து இருக்கிறது, படிக்கிற ஆளைக் காணோம். எந்த செல்லில் எந்த ஜீனைப் படிப்பது என்று முடிவுசெய்யும் அந்த ஆள், படியெடுத்தல் காரணி என்கிற புரதம்.

அந்தக் காரணியாக நடிக்கக் கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்துவந்தேன், மழையில் அது சும்மாதான் தொங்கியது. டி, ஜி, ஏ, சி, ஜி, டி, சி, ஏ என்று எட்டு ஜோடி கோக்கப் பிள்ளைகளிடம் சொன்னேன். எதிர் இழையை மறுமுனையிலிருந்து படித்தாலும் அதே எட்டு எழுத்து, கிட்டத்தட்ட நம் விகடகவி. கிரெப் என்ற காரணிக்கு மிகவும் பிடித்த இடம் இது, இரண்டு கிரெப் ஜோடி சேர்ந்து கிளிப்பின் இரண்டு கால் மாதிரி டிஎன்ஏவைக் கவ்வும். நரம்பு செல் தூண்டப்பட்டுக் கால்சியம் உள்ளே வந்ததும் கிரெப்பின் 133-ஆவது அமினோ அமிலமான செரினில் ஒரு பாஸ்பேட் ஒட்டும். ஒரு பெண் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கிளிப்பில் ஒட்டிவிட்டாள்! அந்தப் பொட்டைப் பிடித்துக்கொண்டு சிபிபி என்ற புரதம் வரும், இறுகிக் கிடக்கும் டிஎன்ஏ சுருளைத் தளர்த்தும், அப்புறம் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி ஜீனை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும். ஃபாஸ் ஜீன் சில நிமிடங்களில் விழித்துக்கொள்வதில் கிரெப்புக்குப் பங்குண்டு, அந்த ஃபாஸ் புரதமும் ஒரு படியெடுத்தல் காரணிதான், அது போய் அடுத்த ஜீன்களை எழுப்பும்.

தோல் செல்லில் ரெஸ்ட் என்ற காரணி 21 எழுத்து இடத்தில் உட்கார்ந்து நரம்புக்கான ஜீன்களைப் பூட்டிவைக்கும். 24 ஜோடிக்குள் அதுவும் அடங்கிவிடுகிறது.

ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளியிருக்கும் என்ஹான்சர் (ஜீனைத் தூண்டிவிடும் டிஎன்ஏ பகுதி) வளைந்து வந்து ஜீனின் தொடக்கத்தைத் தொடுவதை மட்டும் இதில் காட்ட முடியாது. வளைத்துப் பார்த்தேன், ஸ்டாண்டு உடைந்தது. இப்போது ஊறுகாய் பாட்டிலில் மணல் போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. கிளிப் மரத்தில் வாங்குங்கள், பிளாஸ்டிக் கிளிப் வழுக்குகிறது.