ஏழு மாசமா போற கவுன்சிலிங் சென்டர் பத்தி, கொஞ்சம் நீளமா

முதல்லயே சொல்லிடறேன், சென்டர் பேர் போடல. இதுக்கு முன்னாடி போன இடத்த வேற திட்டப்போறேன், அந்தப் பேரும் கிடையாது. ரெண்டுமே சென்னைதான், அது போதும்.

எனக்கு 33 வயசு, ஆட்டிசம்னு தெரிஞ்சது போன வருஷம்தான். அக்கா பையனுக்கு டெஸ்ட் எடுக்கப் போனப்ப அங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாம அம்மா என்னையே திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, அங்க ஆரம்பிச்சுது. நம்ம நாட்டுல இதுக்கு ஐஎஸ்ஏஏனு ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, மொத்தம் 40 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க், 70 தொட்டுட்டா ஆட்டிசம். அதுல முதல் ஐட்டமே கண்ணப் பாத்து பேச மாட்டாங்கங்கறதுதான். இத கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல்ல போன இடத்துல உக்காந்து ரெண்டு நிமிஷம் ஆகல, அந்த சார் சொல்றாரு, "என் கண்ணப் பாத்து பேசுங்கம்மா, அப்பதான் மனசு விட்டு பேச முடியும்". காய்ச்சல்னு போனா முதல்ல சூட்ட கொறச்சிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி. அதுக்கு மேல "உங்களப் பாத்தா அப்படி தெரியலயேமா, நல்லாத்தானே பேசுறீங்க"ன்னாரு. நல்லா பேசுறதுக்கு நான் முந்தின நாள் ராத்திரியே ஒத்திகை பாத்துட்டு வந்தது அவருக்கு எப்படி தெரியும். ஆளு கெட்டவர் இல்ல, ரொம்ப அன்பாதான் பேசினாரு, ஆனா தலைக்கு மேல டியூப்லைட் ஙொய்யுன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு, அம்பது நிமிஷத்துல அவர் சொன்னதுல பாதி அந்த சத்தத்துக்குள்ள போயிடுச்சு. ஹோம்வொர்க் வேற, தெனம் ஒரு புது ஆள் கிட்ட பேசணும். எனக்கு சொன்னத அப்படியே செஞ்சுதான் பழக்கம், செஞ்சேன், செஞ்சிட்டு வீட்டுக்கு வந்து தெனம் ரெண்டு மணி நேரம் லைட்ட அணைச்சிட்டு படுத்துக் கெடந்தேன். அவர் கிட்ட சொன்னா "சூப்பர், போகப் போக பழகிடும்". நாலு சிட்டிங்கோட நின்னுட்டேன்.

இப்ப போற இடம் மைலாப்பூர் பக்கம். எனக்கு அங்க பிடிச்சுப்போனதே போறதுக்கு முன்னாடிதான். வாட்ஸ்அப்ல கேட், மாடிப்படி, ரூம், நான் உக்காரப் போற நாற்காலி, எல்லாத்துக்கும் போட்டோ அனுப்பினாங்க. கூடவே ஒரு மெசேஜ், முதல் அஞ்சு நிமிஷம் பேச வேண்டாம், அப்புறம் நான் மூணு கேள்வி கேப்பேன், கேள்வி இதுதான், பேச வரலன்னா டைப் பண்ணி காட்டலாம்னு. அத படிச்சிட்டு அழுதுட்டேன், ஏன்னு இன்னும் தெரியல. உள்ள போனப்ப மூலைல வாட்டர் டிஸ்பென்சர் உர்ருங்குது, நான் அந்தப் பக்கம் ரெண்டு தடவ திரும்பினேன் அவ்வளவுதான், கவுன்சிலிங் குடுக்கற மேடம் பேச்ச நிறுத்தாமலே எழுந்து போய் பிளக்க உருவிட்டு வந்து உக்காந்தாங்க.

"எப்படி ஃபீல் பண்றீங்க"ன்னு கேக்கவே மாட்டாங்க. எனக்கு அந்தக் கேள்விக்கு பதிலே வராது, அலெக்ஸிதைமியானு பேராம், உள்ள என்ன ஓடுதுன்னு நமக்கே சொல்லத் தெரியாது, ஆட்டிசம் இருக்கறவங்க நிறைய பேருக்கு இது உண்டு. அவங்க கேக்குறது, தோள் காது கிட்ட ஏறியிருக்கா கீழ இருக்கா, பல்ல கடிச்சிருக்கீங்களா, காலைல என்ன சாப்டீங்க. இதுக்கு என்னால பதில் சொல்ல முடியும்.

அப்புறம் பஸ். எனக்கு எம்டிசி ரூட் நம்பர்னா உசுரு, சின்ன வயசுலேர்ந்து. இத சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க, இவங்க அதையே அளவுகோலா மாத்திட்டாங்க. ஓரமா சீட் கெடச்ச மத்தியான வண்டின்னா நான் நிம்மதியா இருக்கேன், காலை எட்டரை மணி 29சி பெரம்பூர்ல ஏறுறப்பன்னா கஷ்டம், அதே 29சி ஜெமினி பாலம் தாண்டி நசுங்குதுன்னா மெல்ட்டவுன் வரப்போகுது, அதாவது தாங்க முடியாம மொத்தமா ஒடஞ்சு போயிடுவேன், எறங்கணும். இப்ப அக்காவுக்கும் நான் "ஜெமினி"ன்னு ஒத்த வார்த்தை மெசேஜ் பண்ணா போதும், வீட்டுக்கு வர்றவங்கள நாளைக்கு வரச் சொல்லிடுவா. இது மேடமோட சொந்த ஐடியானு நெனச்சேன், அப்புறம் பாத்தா இங்கிலாந்துல நைஸ்னு ஒரு அமைப்பு 2012லயே பெரியவங்க ஆட்டிசத்துக்கு வழிகாட்டுதல் போட்டிருக்கு, அவங்களுக்குப் பிடிச்ச விஷயத்த சிகிச்சைல சேத்துக்கோ, உவமை கதையெல்லாம் கொறச்சுக்கோ, எழுதிக் காட்டு, நடுவுல பிரேக் குடுன்னு. முதல் சார் மனசு ஒரு கடல், குளம், குரங்குன்னு சொன்னப்ப எல்லாம் நான் எந்தக் குரங்குன்னு யோசிச்சிட்டு இருந்தேன்.

ஆபீஸ் விஷயத்துலயும் உதவி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைல ஆட்டிசமும் ஒண்ணு, எல்லா நிறுவனமும் ஈக்குவல் ஆப்பர்சூனிட்டி பாலிசி வச்சிருக்கணும்னும் அதுல இருக்கு. தெனம் சீட்டு மாறாம ஒரே இடம் வேணும்னு எச்ஆருக்கு ஒரு மெயில், ஆறே வரி, அத எழுத ஒரு முழு செஷன் போச்சு, சீட்டு கெடச்சுது.

கொறையும் இருக்கு. செஷனுக்கு 1800, மாசத்துக்கு ரெண்டு போனாலே கை கடிக்குது. முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அஞ்சு வாரம் காத்திருந்தேன். அந்த கேப்புல ராத்திரி தாங்க முடியாம போனா 14416 இருக்கு, டெலிமானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன், இலவசம், தமிழ்ல பேசலாம், ஆனா போன்னாலே நடுங்குறவங்களுக்கு அதுவும் கஷ்டம்தான், பக்கத்துல யாராவது இருந்தா அவங்கள டயல் பண்ணச் சொல்லுங்க. அம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, அது சுத்த சொதப்பல். அம்மா நேரா "கல்யாணம் பண்ணா சரியாயிடுமா மேடம்"னு கேட்டாங்க, மேடம் பத்து நிமிஷம் சென்சரி, மாஸ்கிங், பர்னவுட்னு விளக்கினாங்க, வெளில வந்து அம்மா "அந்தப் பொண்ணு தங்கமா பேசுதுடி, ஒண்ணுதான் புரியல"ன்னாங்க. எங்களுக்கு அவ்வளவு பொறுமையா சொல்றவங்க எங்க அம்மாக்களுக்கும் அதே மாதிரி சொல்லக் கத்துக்கணும்.

எங்க போனாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு போட்டிருந்தா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதோட பதிவு நம்பர் கேளுங்க, கூச்சப்படாதீங்க. முன்கூட்டியே என்ன நடக்கும்னு எழுதி அனுப்ப முடியுமானும் கேளுங்க, அதுக்கு முழிச்சாங்கன்னா எனக்கு அது பெரிய சிக்னல்.

ஒரே ஒரு கடுப்பு, ரிசப்ஷன். டைம் மாத்துறதுன்னா மெசேஜ் போடுங்கன்னு நாலு தடவ சொல்லியாச்சு, ஃபைல்லயே சிவப்புல எழுதி வச்சிருக்காங்க, நேத்து கூட ரெண்டு மிஸ்டு கால்.