அமிட்ரிப்டிலின், மிர்டஸபின், ட்ரஸோடோன்: தூக்கம் தரும் மூன்றில் எது யாருக்கு?

சர்க்கரை நோயில் கால் எரிச்சலுக்கு டாக்டர் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதுவார். கூகுளில் தேடிவிட்டு, "எனக்கு என்ன பைத்தியமா?" என்று மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. 1961-லிருந்து புழக்கத்தில் இருக்கும் மனச்சோர்வு மருந்துதான். ஆனால் சின்ன அளவில் நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் பரவலாகக் கொடுக்கிறார்கள். விலையும் மலிவு. இந்த வேலையில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகாது.

மூன்றில் அதிகம் பயப்பட வேண்டியதும் இதுதான். வாய் வறட்சி, மலச்சிக்கலைச் சமாளித்துவிடலாம். புராஸ்டேட் வீக்கமுள்ள பெரியவருக்கோ ராத்திரியில் சிறுநீர் அடைத்துக்கொண்டு, டியூப் போட ஓட வேண்டியிருக்கும். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலும் ஆபத்து. அளவு மீறினால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். தற்கொலை எண்ணம் உள்ளவர் இருக்கும் வீட்டில் மாத்திரை அட்டை வீட்டார் கையில்தான் இருக்க வேண்டும்.

மனச்சோர்வில் சோறு இறங்காமல் எடை குறைந்து, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்ளும் முதியவருக்கு என் ஓட்டு மிர்டஸபினுக்கு. தூக்கத்தோடு பசியையும் கிளப்பிவிடும். ஏற்கெனவே பருமனாக இருப்பவருக்கு அந்தப் பசியே வினை. இதில் ஒரு வேடிக்கை: 15 மில்லிகிராமில் அசத்துகிற தூக்கம், 30-க்கு ஏற்றினால் சிலருக்குக் குறைந்துவிடும். அரிதாக ரத்த வெள்ளணுக்கள் சரியும். காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ட்ரஸோடோன் மனச்சோர்வுக்கு 150 மில்லிகிராம் முதல். தூக்கத்துக்கு 50 அளவில் கொடுப்பார்கள். வாய் வறட்சி குறைவு. ஆனால் படுத்தவர் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். பிபி மாத்திரையும் சாப்பிடுபவர் பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். ஆண்களுக்கு அபூர்வமாக, வலியோடு மணிக்கணக்கில் நீடிக்கும் விறைப்பு வரும். நாலு மணி நேரம் தாண்டினால் கூச்சப்படாமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். வெறும் தூக்கமின்மைக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

எதை எடுத்தாலும் தூக்கம் முதல் ராத்திரியே வந்துவிடும். மனம் தெளிய இரண்டு முதல் நாலு வாரமாவது ஆகும். நன்றாகத் தூங்கிவிட்டோம் என்று பத்தாம் நாளே நிறுத்துவதில் அர்த்தமில்லை. மூன்றுமே மதுவோடு ஆகாது. டிரமடால் வலி மாத்திரை சாப்பிடுகிறவர் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால், அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனிப்பது நல்லது.