லிம் சூ காங் மண்ணா, கார் நிறுத்துமிட மாடியா? புதியவர்களைப் பழக்கும் பண்ணைக்கு எது தோது

விவசாயமே தெரியாத இருபது வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து, கையைப் பிடித்துப் பழக்குகிற பண்ணை ஒன்றைச் சிங்கப்பூரில் ஆரம்பிக்கலாம் என்று பேச்செடுத்தால், எல்லாரும் வாடகையில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு முதல் கேள்வி இதுதான்: அந்தப் பிள்ளை ஒரு பாத்தியைக் கெடுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? இதை வைத்து ஒவ்வோர் இடத்தையும் பார்க்கிறேன்.

மண்ணில்தான் பழக வேண்டும் என்பவர்கள் பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங், கிராஞ்சி, சுங்கை தெங்கா பக்கம் போவார்கள். கற்பதற்கு அதைவிட நல்ல இடம் சிங்கப்பூரில் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். புளிப்பேறிய களிமண்ணைச் சுண்ணாம்பும் மக்கு உரமும் போட்டுத் திருத்துவது, டிசம்பர் மழையில் பாத்தி கரைந்து ஓடுவது, சைசிம் என்ற சீனக் கீரையின் இலையைப் பூச்சி ஓட்டை ஓட்டையாக்கி விலை போகாமல் செய்வது என்று எல்லாமே பாடம். ஆனால் நிலம் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் டெண்டரில் எடுப்பது, குத்தகை பொதுவாக 20 ஆண்டு, வடிகால், கொட்டகை, மின்சாரம் எல்லாம் நம் தலையில், அதற்கு மேல் உற்பத்திக் கணக்கும் காட்ட வேண்டும். இவ்வளவையும் சுமக்கும் பண்ணைக்காரர் காலையில் நாற்று நடும்போது, பக்கத்தில் நின்று "ஏன் அண்ணே இப்படி நடுறீங்க?" என்று கேட்கும் பையன் அவருக்குத் தொந்தரவாகத்தான் தெரிவான். நிலமும் நிலையானதில்லை. 2014இல் லிம் சூ காங்கில் 62 பண்ணைகளுக்குக் குத்தகை புதுப்பிக்கப்படாது, ராணுவப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவகாசம் நீட்டினார்கள், அது வேறு கதை.

அடுத்தது மாடி. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல் முதல் வணிகப் பண்ணை 2019இல் அங் மோ கியோவில் வந்தது. 2020இல் இன்னும் ஒன்பது மாடிகளை டெண்டருக்கு விட்டார்கள், மூன்று ஆண்டுத் தவணையில். இதன் பெரிய வசதி, ஆள் வந்து சேருவது. பலதுறைத் தொழிற்கல்லூரிப் பெண் வகுப்பு முடிந்து எம்ஆர்டி ரயிலில் வருவாள், தேசிய சேவை முடித்துவிட்டு என்ன செய்வதென்று யோசிக்கும் பையன் நடந்தே வருவான், வார நாளிலும் வருவார்கள். கிராஞ்சிக்கு அப்படி வர மாட்டார்கள்.

ஆனால் மாடியில் பெரும்பாலும் குழாயும் சத்துக் கரைசலும்தான். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னைத் தாண்டும், தளம் தாங்க வேண்டுமே. கரைசலின் பிஎச்சை (புளிப்பு அளவை) 5.5க்கும் 6.5க்கும் நடுவில் வைக்கவும், பாசி பிடித்த குழாயைக் கழுவவும், எடை போட்டுப் பொட்டலம் கட்டிக் கீழ் வீட்டு ஆன்டிக்கு விற்கவும் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். வெயில் நேரத்தில் பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் சாலட் கீரை முழுக்கத் துவண்டுவிடும் என்பதும் ஒரு தடவையிலேயே புரிந்துவிடும். மண் மட்டும் கடைசிவரை புரியாது. மூன்றே ஆண்டில் கருவிச் செலவை எடுக்க வேண்டுமென்பதால் பொறுப்பாளருக்கும் பொறுமை குறையும். மலேசியாவிலிருந்து வரும் கீரை விலையோடு போட்டி போட்டு ஜெயிக்கவும் முடியாது. 2023இல் நாம் சாப்பிட்ட காய்கறியில் உள்ளூரில் விளைந்தது சுமார் 3 விழுக்காடுதான். 2030க்குள் நம் சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்ற ‘30க்குள் 30’ இலக்கையே 2025 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். கீரை விற்ற காசில் பயிற்சிப் பண்ணை ஓடும் என்று திட்டம் காட்டுபவரை நான் நம்புவதில்லை. பயிற்சிக்குக் கட்டணமோ ஆதரவாளரோ கட்டாயம் வேண்டும்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் நிலம் மலிவு என்பார்கள். மலிவுதான். வெளிநாட்டவர் அங்கே விவசாய நிலம் வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், போதாததற்குச் சனிக்கிழமை உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வரிசை. விடுங்கள்.

மிச்சம் சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் ஆரம்பித்த திட்டம், இன்று இரண்டாயிரத்துக்கு மேல் தோட்டங்கள் இருக்கின்றன. குலுக்கலில் கிடைக்கும் தனிப் பாத்தியும் உண்டு, 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஆண்டுக்குச் சுமார் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வணிகம் செய்யும் இடமல்ல, சின்ன இடம், வெண்டைக்காய் யாருடையது என்று மூத்தவர்களுக்குள் சண்டையும் வரும். ஆனால் செடி செத்தால் யாருக்கும் கடன் ஏறாது. கறிவேப்பிலையும் முருங்கையும் வளர்த்துப் பழகிய பாட்டி பக்கத்துப் பாத்தியிலேயே இருப்பார், சம்பளம் கேட்க மாட்டார்.

என் தேர்வு இப்படி: முதல் மூன்று மாதம் சமூகத் தோட்டம். அதில் நிற்பவர்களை மட்டும் மாடிக்கு ஏற்றுங்கள். மாடியிலும் முழுக்கக் குழாய் போடாமல், பாதி இடத்தில் தேங்காய் நார்த்தூளும் மக்கு உரமும் கலந்த தொட்டிகள் வையுங்கள், எடையும் குறையும். லிம் சூ காங்கில் சொந்தக் குத்தகை இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே ஓடும் பண்ணை ஒன்றில், அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, இரண்டு பாத்தி பேசி வாங்கினால் போதும். முதல் விதை காங்கோங்கும் (வள்ளல் கீரை) தண்டுக்கீரையும், மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம். சைசிமுக்கு வலை கட்டப் பழகிய பிறகு போங்கள், சாலட் கீரை அதற்கும் அப்புறம்.